மடை கட்டத் தெரிந்தவர் பிக்சலும் கட்டலாம்: மின்சாரம் மிச்சமாகும் திரைக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

தொண்டியில் என் சித்தப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகும்போது ஜிபிஎஸ் கருவி இல்லாமல் போகமாட்டார். பாக் விரிகுடாவில் இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தம் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது, அந்தக் கருவியின் திரையில்தான் தெரியும். உச்சி வெயிலில் அந்தத் திரையும் தெரியாது. தலைத்துண்டை அவிழ்த்துத் தன் தலையையும் கருவியையும் சேர்த்து மூடிக்கொண்டு, அந்த இருட்டுக்குள் எண்ணைப் படிப்பார். வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் கரை திரும்புமுன் பேட்டரி இறங்கிவிடும். "நீ திரை வேலதானப்பா பாக்குற, இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்று ஒருநாள் கேட்டார்.

திரைகளுக்கான பிக்சல் சுற்று வடிவமைப்பில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அவர் கேள்வியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படிப்பவருக்கு ஓம் விதி தெரிய வேண்டும், மின்தேக்கியில் மின்னூட்டம் ஏறி இறங்குவது தெரிய வேண்டும், டிரான்சிஸ்டரை ஒரு சுவிட்ச் போலப் பயன்படுத்தலாம் என்று தெரிய வேண்டும். அது போதும். கடைசியில் மேசை மேல் நான்கு பிக்சல் உள்ள ஒரு சின்னத் திரையை நீங்களே கட்டிப் பார்ப்பீர்கள்.

பிக்சல் செய்யும் வேலை

எங்கள் பக்கத்து ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். அத்தனை பெரிய கண்மாய், அத்தனை மடைகள். முறை வரும்போது மடையைத் திறப்பார்கள், வயலுக்குத் தண்ணீர் பாயும், பிறகு மடையை அடைத்துவிடுவார்கள். அடுத்த முறை வரும்வரை வயல் அந்தத் தண்ணீரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். வரப்பில் நண்டு வளை இருந்தால் முறை வருமுன் வயல் காய்ந்துவிடும்.

திரையும் இப்படித்தான் ஓடுகிறது. பள்ளியில் அணிகள் பாடத்தில் படித்த நிரை, நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். 240 நிரல், 320 நிரை உள்ள ஒரு திரை. வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிவினாடி. அதை 320 நிரைகளுக்குப் பங்கிட்டால் ஒரு நிரைக்கு 52 மைக்ரோவினாடிதான் கிடைக்கும். அந்த 52 மைக்ரோவினாடிக்குள் ஒவ்வொரு பிக்சலும் தனக்குரிய மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மீதி 319 பங்கு நேரமும் வாங்கியதைச் சிந்தாமல் வைத்திருக்க வேண்டும். வாங்குவது நொடிப்பொழுது, வைத்திருப்பதுதான் முழுநேர வேலை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வாங்கும் வேகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மின்சாரம் மிச்சமாவது வைத்திருக்கும் திறமையில்தான். பிக்சல் நன்றாக வைத்திருந்தால் அடிக்கடி எழுத வேண்டியதில்லை. எழுதாத நேரத்தில் செலவும் இல்லை.

ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மடை வைக்கும் யோசனை பழையதுதான். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவன ஆய்வகத்தில் பால் வைமர் 1962இல் மென்படல டிரான்சிஸ்டரைக் காட்டினார். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடியின் குழு 1970களின் தொடக்கத்தில் அதை ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் வைத்துத் திரவப் படிகத் திரை செய்தது. கண்ணாடி மேல் படியவைக்கும் இந்த டிரான்சிஸ்டரைத்தான் டிஎஃப்டி என்கிறோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: வெளிச்சம் யாருடையது?

பேனாவை எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. பிக்சல் தானே ஒளிர வேண்டுமா, அல்லது வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் போதுமா? ஓஎல்இடி தானே ஒளிரும். பிரதிபலிக்கும் திரவப் படிகத் திரை சூரியனிடம் கடன் வாங்கும். வெயில் ஏற ஏற ஓஎல்இடி மங்கலாகத் தெரியும், பிரதிபலிக்கும் திரை பளிச்சென்று தெரியும். பகலில் கடலில் பார்க்கும் திரைக்குப் பிரதிபலிக்கும் வகைதான் சரி என்பது என் முடிவு. இரவு மீன்பிடிக்கு ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு போதும். ஆனால் கற்றுக்கொள்ள ஓஎல்இடி பிக்சலைவிட நல்ல பாடம் கிடையாது, அதனால் இரண்டையும் பார்ப்போம்.

செலவுக் கணக்கு எழுதுங்கள்

கடைக்காரர் போல வரவு செலவு எழுதுங்கள். இது இல்லாமல் சுற்றை வரைய ஆரம்பிப்பவர்கள், செலவே இல்லாத இடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

முதல் செலவு ஒளி. 2.4 அங்குல வண்ண ஓஎல்இடி திரை என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் சேர்த்து 2,30,400 துணைப்பிக்சல்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 200 நானோஆம்பியர் எடுத்தால் மொத்தம் 46 மில்லிஆம்பியர். 8 வோல்ட் கொடுத்தால் 0.37 வாட். இது 12 மணி நேரம் ஓடினால் 4.4 வாட்-மணி. 3.7 வோல்ட், 2000 மில்லிஆம்பியர்-மணி செல் ஒன்றில் இருப்பதே 7.4 வாட்-மணி. பாதிக்கு மேல் திரையே குடித்துவிட்டது.

இரண்டாவது, நிரல் கம்பிகளை ஏற்றி இறக்கும் செலவு. ஒரு நிரல் கம்பியின் மின்தேக்கம் 20 பிக்கோஃபாரட், ஏற்ற இறக்கம் 5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஏற்றி இறக்க ஆகும் ஆற்றல், மின்தேக்கத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும்: 500 பிக்கோஜூல். சதுரங்கக் கட்டம் போலக் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் படம்தான் இருப்பதிலேயே மோசம். அப்போது வினாடிக்கு 9,600 முறை ஏற்றி இறக்க வேண்டும். கறுப்பு வெள்ளைத் திரையின் 240 நிரல்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.15 மில்லிவாட் ஆகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு வழி தெரியும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்வாசி. வினாடிக்கு 60 முறை எழுதுவதை ஒரு முறை ஆக்கினால் செலவு அறுபதில் ஒரு பங்கு, அதாவது 19 மைக்ரோவாட். முதல் வழியில் நான்கு மடங்கு லாபம், இரண்டாவதில் அறுபது மடங்கு. பிரதிபலிக்கும் திரையில் ஒளிச்செலவு கிடையாது என்பதால் இந்த இரண்டாவது வழிதான் கணக்கையே மாற்றிவிடுகிறது. அதற்கு பிக்சல் ஒரு முழு வினாடி வைத்திருக்க வேண்டும். முடியுமா என்று அடுத்துப் பார்க்கலாம்.

இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி

தாளில் வரையுங்கள். இடமிருந்து வலமாக ஒரு நிரைக் கம்பி, மேலிருந்து கீழாக ஒரு நிரல் கம்பி. இரண்டும் சந்திக்கும் மூலையில் சுவிட்ச் டிரான்சிஸ்டர். அதன் கேட் (சுவிட்சைத் திறந்து மூடும் கால்) நிரைக் கம்பியில், ஒரு கால் நிரல் கம்பியில், இன்னொரு கால் ஒரு மின்தேக்கியில். இதுதான் மடை, அந்த மின்தேக்கிதான் வயல். மின்தேக்கியிலிருந்து ஒரு கோடு இழுத்து இரண்டாவது டிரான்சிஸ்டரின் கேட்டில் சேருங்கள். அது ஓட்டும் டிரான்சிஸ்டர். மின்தேக்கியில் நிற்கும் மின்னழுத்தத்தைப் பார்த்து, ஓஎல்இடி வழியாக எவ்வளவு மின்னோட்டம் விடுவது என்று முடிவு செய்வது இதுதான். ஓஎல்இடி பிக்சலின் அரிச்சுவடி அவ்வளவே.

இனி அளவு போடுவோம். மின்தேக்கி 100 ஃபெம்டோஃபாரட் (ஃபெம்டோ என்பது பிக்கோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 100 நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கான் டைஆக்சைடு படலத்தில் இதற்கு 17 மைக்ரோமீட்டர்ச் சதுரம் தேவை. நம் துணைப்பிக்சல் 51க்கு 153 மைக்ரோமீட்டர் என்பதால் தாராளமாக அடங்கும். போன் திரை போல நெருக்கமான பிக்சல்களில் இந்த இடமே பெரிய சண்டை.

படத்துக்கு 256 சாயல் வேண்டும், மின்னழுத்த வீச்சு 3 வோல்ட் என்றால் ஒரு சாயலுக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மில்லிவோல்ட்தான் இருக்கும். பாதிச் சாயல், அதாவது 6 மில்லிவோல்ட் வரை இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். கசிவு மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி மின்தேக்கத்தால் வகுத்தால் எவ்வளவு இறங்கும் என்பது கிடைக்கும். இதைத் திருப்பிப் போட்டால், 60 முறை எழுதும் திரைக்கு 36 ஃபெம்டோஆம்பியர் கசிவைத் தாங்கலாம். வினாடிக்கு ஒரு முறை எழுதும் திரைக்கு 0.6 ஃபெம்டோஆம்பியர்தான்.

ஒரு பிக்கோஆம்பியர் கசியும் சுவிட்ச் வைத்தால் 16.7 மில்லிவினாடிக்குள்ளேயே 167 மில்லிவோல்ட் போய்விடும். ஒரு வினாடி காத்திருந்தால் வயலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. இந்த எண்களை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கையால் போடாதவருக்கு ஃபெம்டோ என்பது வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மடையை அடைக்கும்போது பலகை விழும் வேகத்தில் தண்ணீர் துள்ளும் அல்லவா? நிரைக் கம்பியின் மின்னழுத்தம் இறங்கும்போது, சுவிட்ச் டிரான்சிஸ்டரின் கேட்டுக்கும் மின்தேக்கிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டு மின்தேக்கம் வழியாகப் பிக்சல் மின்னழுத்தமும் கீழே இழுபடும். ஒட்டு மின்தேக்கம் 5 ஃபெம்டோஃபாரட், நிரைக் கம்பி 15 வோல்ட் இறங்குகிறது என்றால் இழுப்பு 0.7 வோல்ட்! நீங்கள் 6 மில்லிவோல்ட்டுக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது 0.7 வோல்ட். எல்லாப் பிக்சலிலும் ஒரே அளவு இழுத்தால் நிரலில் கொடுக்கும் மின்னழுத்தத்தையே அந்த அளவு தள்ளிவைத்துச் சரிசெய்துவிடலாம். அதனால் ஒட்டு மின்தேக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வருமாறு வரைபடத்தை வரையுங்கள்.

எந்த டிரான்சிஸ்டர்?

மூன்று குடும்பங்கள் உண்டு. உருவற்ற சிலிக்கான் மலிவு, பெரிய கண்ணாடியிலும் சீராகப் படியும், ஆனால் மெதுவானது. அதன் எலக்ட்ரான் இயங்குதிறன் (எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு) 0.5 முதல் 1 வரை, சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடி அலகில். எல்டிபிஎஸ் என்னும் பலபடிகச் சிலிக்கானை லேசர் அடித்து உருக்கிப் படிகமாக்குகிறார்கள். இயங்குதிறன் 50 முதல் 100 வரை போகும், ஆனால் பிக்கோஆம்பியர் அளவில் கசியும். மூன்றாவது இண்டியம், கேலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடு. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதியோ ஹோசோனோவின் குழு 2004இல் இதை நெகிழும் படலத்தின் மேல் செய்து காட்டியது. இயங்குதிறன் 10 அளவில்தான், ஆனால் கசிவு ஒரு ஃபெம்டோஆம்பியருக்கும் வெகு கீழே. 0.1 ஃபெம்டோஆம்பியர் என்று வைத்தால் நம் 100 ஃபெம்டோஃபாரட் ஒரு வினாடியில் இழப்பது 1 மில்லிவோல்ட். மேலே கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, முடியும்.

எல்டிபிஎஸ் டிரான்சிஸ்டரை ஓட்டுவதற்கும் ஆக்சைடை மடைக்கும் வைத்து ஒரே கண்ணாடியில் இரண்டையும் செய்வதை எல்டிபிஓ என்கிறார்கள். 2019இல் வந்த ஆப்பிள் வாட்ச் ஐந்தாம் தலைமுறை, திரையை அணைக்காமலே வினாடிக்கு ஒரு முறை புதுப்பித்து நாள் முழுக்க நேரம் காட்டியது இந்த ஏற்பாட்டால்தான்.

ஓட்டும் டிரான்சிஸ்டரின் அளவையும் போட்டுப் பார்ப்போம். 200 நானோஆம்பியர் வேண்டும். கேட் மின்னழுத்தம் த்ரெஷோல்டைவிட, அதாவது டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தைவிட, 1 வோல்ட் கூடுதல், அதே 100 நானோமீட்டர் படலம். உருவற்ற சிலிக்கானில் அகலம் நீளத்தைப் போல 23 மடங்கு வேண்டும். ஆக்சைடில் ஏறத்தாழ 1.2 மடங்கு போதும். எல்டிபிஎஸ்ஸில் 80 இயங்குதிறனுக்கு அகலம் நீளத்தில் ஏழில் ஒரு பங்குதான். அகலம் 4 மைக்ரோமீட்டர் என்றால் நீளம் 28. போன் திரையை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் ஓட்டும் டிரான்சிஸ்டர் பாம்பு போல வளைந்து கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அந்த நீளத்தைச் சின்ன இடத்தில் மடித்து வைக்கத்தான் அந்த வளைவு.

த்ரெஷோல்டை அளந்து கழிப்பது

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று போவோம்.

லேசர் அடித்த சிலிக்கானில் படிகங்கள் ஒரே மாதிரி அமையாது. அதனால் பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களுக்கே திறக்கும் மின்னழுத்தம் வேறுபடும். மின்னோட்டம் த்ரெஷோல்டுக்கு மேலுள்ள மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 வோல்ட்டில் 0.1 வோல்ட் பிசகினால் 0.9இன் வர்க்கம் 0.81, ஆக வெளிச்சம் 19 சதவீதம் குறையும். திரை முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

எளிய வழி ஒன்று உண்டு. த்ரெஷோல்டுக்கு மேல் 2 வோல்ட் கொடுத்து, அதற்கேற்ப டிரான்சிஸ்டரை ஒடுக்கினால், அதே பிசகு 10 சதவீதமாகக் குறையும். ஆனால் ஓட்டும் டிரான்சிஸ்டர் சீராக வேலை செய்ய, அதன் இரு முனைகளுக்கு இடையிலும் அந்த 2 வோல்ட் இருக்க வேண்டும். மின்வழங்கியைக் கூடுதலாக 1 வோல்ட் ஏற்ற வேண்டும். 8 வோல்ட் 9 ஆகும், 12 சதவீதத்துக்கும் மேல் செலவு கூடும், அந்தச் செலவு முழுவதும் டிரான்சிஸ்டரில் சூடாகப் போகும், வெளிச்சமாக வராது. சீர்மைக்கு மின்சாரத்தைக் கொடுத்து வாங்குகிறோம். த்ரெஷோல்டைக் கழிக்கும் சுற்று வைத்தால் இந்த விலை கொடுக்க வேண்டாம். புத்தகங்கள் அதைப் படத்தின் தரத்துக்கான சுற்று என்றே சொல்லிப் போகின்றன. என் பார்வையில் அது மின்சார மிச்சத்துக்கான சுற்றும்கூட.

எப்படிக் கழிப்பது? கண்மாயின் கலிங்கை நினையுங்கள். கலிங்கின் உயரம் என்ன என்று யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கண்மாயைத் தளும்ப நிரப்பிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து வழிந்து தானே நிற்கும். நின்ற மட்டம்தான் கலிங்கின் உயரம். அளவுகோலே வேண்டாம்.

பிக்சலிலும் அதையே செய்கிறோம். ஓட்டும் டிரான்சிஸ்டரின் கேட்டையும் டிரெய்ன் என்ற காலையும் ஒரு சுவிட்சால் சேர்த்துவிடுங்கள். அது தன் வழியாகத் தன் கேட்டையே ஏற்றிக்கொண்டு போய், திறக்கும் மின்னழுத்தம் வந்ததும் தானே அடைந்து நிற்கும். வழக்கமான எல்டிபிஎஸ் பிக்சலில் மூன்று கட்டம். முதலில் மின்தேக்கியில் பழைய மதிப்பைக் கழுவி ஒரு தாழ்ந்த மின்னழுத்தத்துக்குக் கொண்டுவருவது. அடுத்து, நிரல் கம்பியின் தரவை டிரான்சிஸ்டரின் சோர்ஸ் என்ற மறு கால் வழியாக விட்டுக் கேட்டை ஏற விடுவது. கேட் 'தரவு கழித்தல் த்ரெஷோல்ட்' என்ற மட்டத்தில் நிற்கும். கடைசியாக மின்வழங்கியைச் சேர்த்து ஒளிர விடுவது. மின்னோட்டத்துக்கான வாய்பாட்டில் த்ரெஷோல்ட் இரண்டு முறை வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தாளில் எழுதி, அது மறைவதைக் கண்ணால் பாருங்கள். நான் முதன்முறை அதைப் பார்த்த அன்று இரண்டு தடவை திரும்ப எழுதிச் சரிபார்த்தேன்.

இதற்கு ஏழு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போன் திரைகளில் வழக்கம். இரண்டு எச்சரிக்கை. மின்வழங்கிக் கம்பியில் ஏற்படும் மின்னழுத்த இழப்பை இந்தச் சுற்று கழிக்காது. 46 மில்லிஆம்பியர் 10 ஓம் வழியாகப் போனால் 0.46 வோல்ட் போய்விடும், ஆகவே அந்தக் கம்பியை அகலமாக, வலை போலப் போடுங்கள். இன்னொன்று, கலிங்கில் தண்ணீர் நிற்க நேரம் ஆவது போல இதற்கும் நேரம் வேண்டும். 52 மைக்ரோவினாடிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

சித்தப்பாவின் திரைக்கு: பிக்சலுக்குள் நினைவகம்

ஜிபிஎஸ் திரையில் எண்களும் ஒரு கோடும் போதும், சாயல் தேவையில்லை. கறுப்பு அல்லது வெள்ளை. அப்படியென்றால் மின்தேக்கியை நம்ப வேண்டியதே இல்லை. உள்ளீட்டைத் தலைகீழாக்கும் இரண்டு இன்வெர்ட்டர் சுற்றுகளை ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகச் சுற்றி இணைத்தால், அவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரு பிட்டைக் காலவரை இல்லாமல் வைத்திருக்கும். கசிந்ததை உடனுக்குடன் நிரப்பிக்கொள்ளும் வயல் அது. அந்தப் பிட் இரண்டு சுவிட்சுகளை ஆட்டும். ஒன்று திறந்தால் பிக்சல், எல்லாப் பிக்சலுக்கும் எதிரே நிற்கும் பொது மின்முனையோடு ஒத்த மின்னழுத்தத்தில் நிற்கும், மற்றது திறந்தால் எதிர் மின்னழுத்தத்தில். படம் மாறாதவரை நிரல் கம்பிகளைத் தொடவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. திரவப் படிகத்துக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது கெட்டுப்போகும். பொது மின்முனையை வினாடிக்கு ஒரு முறையாவது திசைமாற்றுங்கள். ஷார்ப் நிறுவனம் 400க்கு 240 பிக்சலில் இந்த வகைத் திரைகளை விற்கிறது. படம் அசையாமல் நிற்கும்போது அவை எடுப்பது மைக்ரோவாட் கணக்கில்தான். சொந்தமாகக் கண்ணாடித் தொழிற்சாலை இல்லாதவர்கள் அப்படிப்பட்ட ஒன்றை வாங்கிக் கருவியில் பொருத்திப் பார்க்கலாம்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. ஒளி பட்டால் டிஎஃப்டி கூடுதலாகக் கசியும், உருவற்ற சிலிக்கான் ரொம்பவே. ஆக்சைடு டிரான்சிஸ்டரோ வெளிச்சமும் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து நெடுநேரம் பட்டால் த்ரெஷோல்ட் நகர்ந்துவிடும். ஆகவே டிரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் ஓடும் சேனலுக்கு மேலோ கீழோ ஓர் உலோகத் தகடு மறைப்பு கட்டாயம். படகின் மேல்தட்டில் மூடிய பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் கசிவு பல மடங்கு கூடும், கணக்கை 25 டிகிரியில் நிறுத்தாமல் 60, 70 டிகிரிக்கும் போடுங்கள்.

கணினியில் ஓட்டிப் பார்ப்பது

சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதலில் எளிய மாஸ்ஃபெட் (கேட்டால் ஆட்டும் டிரான்சிஸ்டர் வகை) மாதிரியோடு இரண்டு டிரான்சிஸ்டர் பிக்சலை எழுதுங்கள். ஆனால் ஓட்டுமுன் அமைப்புகளில் மூன்றை மாற்ற வேண்டும். மென்பொருள் தன் வசதிக்காக ஒவ்வொரு சந்தியிலும் ஜிமின் என்ற பெயரில் 1 பிக்கோசீமென்ஸ் கடத்தலைச் சேர்த்து வைத்திருக்கும். 5 வோல்ட்டில் அது 5 பிக்கோஆம்பியர். நாம் தேடும் ஃபெம்டோஆம்பியர் கசிவு அதற்குள் மூழ்கிவிடும். மின்னோட்டத்துக்கான பிழை வரம்பான ஆப்ஸ்டால் 1 பிக்கோஆம்பியரிலும், மின்னூட்டத்துக்கான பிழை வரம்பான சிஎச்ஜிடால் 10 ஃபெம்டோகூலும்பிலும் இருக்கும். நம் 100 ஃபெம்டோஃபாரடில் 10 ஃபெம்டோகூலும்ப் என்றால் 100 மில்லிவோல்ட். மூன்றையும் பல லட்சம் மடங்கு குறைத்துவிட்டு ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் 'என் பிக்சல் கசிகிறது' என்று வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

எளிய மாதிரியில் அடைத்த நிலைக் கசிவு வராது. சுவிட்சுக்குக் குறுக்கே பெரிய மின்தடை ஒன்றை நீங்களே வையுங்கள். பிறகு த்ரெஷோல்டை 0.3 வோல்ட் ஏற்றியும் இறக்கியும் ஓட்டி, வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

மேசை மேல் நான்கு பிக்சல்

சரி, கையில் தொட்டுப் பார்ப்போம். தேவையானவை: 4066 என்ற அனலாக் சுவிட்ச் சிப் ஒன்று, 2என்7000 மாஸ்ஃபெட் நான்கு, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி நான்கு, சிவப்பு எல்இடி நான்கு, 470 ஓம் மின்தடை நான்கு, 100 கிலோஓம் இரண்டு, தரவு மின்னழுத்தத்துக்கு 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு, 5 வோல்ட் மின்வழங்கி, பிரெட்போர்டு.

மடைக்கும் 2என்7000 போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு மாலை முழுவதும் போனது. அந்த மாஸ்ஃபெட்டுக்குள் ஒரு டையோடு ஒளிந்திருக்கிறது. மடையை அடைத்த பிறகும் ஒரு திசையில் அது வழிவிடும். 4066இல் அந்தத் தொல்லை இல்லை, ஒரே சிப்பில் நான்கு சுவிட்ச், நமக்கு நான்கு பிக்சல்.

முதல் இரண்டு சுவிட்சுகளின் கட்டுப்பாட்டுக் கால்களைச் சேர்த்து முதல் நிரை ஆக்குங்கள், மற்ற இரண்டையும் சேர்த்து இரண்டாம் நிரை. ஒவ்வொரு நிரையையும் 100 கிலோஓம் வழியாகத் தரையில் கட்டுங்கள், கைவிட்டால் மடை தானே அடையும். ஒன்றாம், மூன்றாம் சுவிட்சுகளின் உள்ளீட்டைச் சேர்த்து ஒரு நிரல், இரண்டாம், நான்காம் சுவிட்சுகளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ஒவ்வொரு சுவிட்சின் வெளியீட்டிலும் தரைக்கு ஒரு மின்தேக்கி, அதே இடத்தில் மாஸ்ஃபெட்டின் கேட். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் தரையில், டிரெய்னிலிருந்து எல்இடியும் 470 ஓமும் 5 வோல்ட்டுக்கு.

நிரல்களில் மின்னழுத்தத்தை வைத்து, நிரைக் கம்பியை ஒரு கணம் 5 வோல்ட்டில் தொட்டு எடுங்கள். அந்த நிரை எல்இடிகள் பற்றிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் எரியும். நிரலைத் திருகிப் பாருங்கள், அசையாது. அடுத்த நிரைக்கு வேறு மதிப்பு எழுதுங்கள். அப்புறம் இரண்டு நிரல்களையும் ஒரே 2 வோல்ட்டில் வைத்து எல்லாவற்றிலும் எழுதி, மெல்ல மெல்ல உயர்த்தி எழுதிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் ஒரு எல்இடி மின்ன ஆரம்பிக்கும், பக்கத்தில் உள்ளது இருண்டே கிடக்கும். த்ரெஷோல்ட் வேறுபாட்டால் வரும் திட்டு என்று மேலே சொன்னது இதுதான்.

மின்தேக்கியின் மின்னழுத்தத்தை மல்ட்டிமீட்டரை நேராக வைத்து அளக்காதீர்கள். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம், பத்து வினாடியில் மூன்றில் இரண்டு பங்கைக் குடித்துவிடும். 470 ஓமுக்குக் குறுக்கே மீட்டரை வைத்து எல்இடி மின்னோட்டத்தைப் பார்த்தால் வயலைத் தொடாமலே மட்டம் தெரியும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியும் வேண்டாம், அது தானே கசியும்.

முதன்முறை தொண்டி வீட்டுத் திண்ணையில் வைத்து இதைக் கட்டியபோது என் எல்இடிகள் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மங்கின. கணக்குப்படி அவை நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். சிப் மோசம் என்று நினைத்து வேறொன்று மாற்றினேன், அதுவும் மங்கியது. கடைசியில்தான் புரிந்தது: பிரெட்போர்டின் மேல் கடற்காற்று படியவைத்திருந்த உப்பு. ஈரம் சேர்ந்ததும் அது மெல்லிய கம்பி போல வேலை செய்திருக்கிறது. கசிவு சிப்பில் இல்லை, வரப்பில் இருந்தது. சர்க்யூட் போர்டு ஒன்றில் சால்டர் செய்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்துத் திரும்ப ஓட்டியபோது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

உங்கள் சுற்று ஓடியதும் 1 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 1 நானோஃபாரட் போட்டு, எத்தனை வினாடி நிற்கிறது என்று பாருங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வயல், அதே கசிவு. அந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள்: ஈரக்காற்று வீசும் விடியற்காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, போர்டைத் துடைத்த பிறகு ஒருமுறை.